தலைவர் இருக்கும் வரை

பூவலிங்கபுரம் சமுதாயக் கூடத்தில் கைகள் தாமாகத் தட்டத் தொடங்கியது மாதத்தின் முதல் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு என்று பேரூராட்சிக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் எந்தக் காரியமும் குறிப்பேட்டில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கெட்டுப்போயிருக்கும். இதுவும் அதற்குச் சில நாள் முன்பே, உரக்கடை மாடியில் இருக்கும் வெண்ணிலா கம்ப்யூட்டர் சென்டரில், 'வரை' என்கிற ஒரே ஒரு சொல்லில் கெட்டுப்போயிருந்தது.

அந்தச் சொல்லைக் கெடுத்தவர் டென்சிங் சார். அவர் கெட்டவர் இல்லை, அவ்வளவு சிரமம் அவர் எதற்கும் எடுத்துக்கொள்வதில்லை. புரோகிராமிங்கை அவர் வாய்ப்பாடு மாதிரி கற்றுக்கொடுத்தார். "ஃபார், ஐ ஈக்வல் டு ஜீரோ, ஐ லெஸ் தேன் டென், ஐ பிளஸ் பிளஸ்" என்று அவர் முன்னால் சொல்ல, இருபத்திரண்டு பேர் பின்னால் சொல்வார்கள். கீழே உர மூட்டை தூக்குகிறவர்களுக்குக்கூட அது மனப்பாடமாகி, லாரியில் ஏற்றும்போது அதையே பாட்டாகச் சொல்லி ஏற்றினார்கள். அவர்களுக்கு அதனால் மூட்டையாவது ஏறியது, மாடியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

அந்த இருபத்திரண்டு பேரில் மூத்தவள் அழகுராணி. முப்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே இருக்கும் நூற்பாலையில், நூலைக் கூம்பு வடிவக் கோனில் சுற்றும் பிரிவில் பதினான்கு வருடம் நின்று நின்று, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, சென்டரின் மாடிப்படியை நாலு தடவை நின்று ஏறுவாள். "இன்னும் ஒரு வருஷம் அந்தத் தூசியில நின்னா, அப்புறம் நீ என்கிட்ட வரவேண்டிய வேலை இருக்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மில் மேனேஜரோ, ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இடம் காலியாகிறது, புரோகிராமிங் சர்டிபிகேட்டோடு அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்தால் உனக்கு, இல்லாவிட்டால் என் மச்சினன் மகளுக்கு என்று சொல்லியிருந்தார். ஆகவே அழகுராணிக்கு வேண்டியது ஒரு காகிதம். அது வந்தால் மூச்சு இருக்கும், வராவிட்டால் இருக்காது.

காகிதம் மட்டும் போதும் என்று அவள் இருந்திருக்கலாம், மற்ற இருபத்தொரு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். அவளுக்கு மட்டும் புரிந்தாக வேண்டும் என்கிற கெட்ட பழக்கம் இருந்தது.

"சார், ஐ சமம் ஐ கூட்டல் ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. எந்தக் கணக்குல சார் ஒண்ணு தன்னைவிட ஒண்ணு கூட இருக்கும்?"

"அது கணக்கு இல்லம்மா, கம்ப்யூட்டர். மனப்பாடம் பண்ணிக்க."

அடுத்த நாள், சொன்னதையே சுற்றிச் சுற்றிச் செய்யவைக்கும் வைல் லூப் வந்தது. "வைல்னா 'வரை'. எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். அழகுராணி கையைத் தூக்கினாள்.

"சார், வரும் வரையா, இருக்கும் வரையா?"

"அதுல என்னம்மா வித்தியாசம்?"

"ஒருத்தர் வரும் வரைன்னா, வந்ததும் நிறுத்திரணும். ஒருத்தர் இருக்கும் வரைன்னா, வந்தப்புறம்தான் சார் ஆரம்பமே."

டென்சிங் சார் சிரித்தார். அவர் சிரித்தால் வகுப்பும் சிரிக்க வேண்டும், சிரித்தது. "ரெண்டுலயும் வரைதானம்மா இருக்கு? மில்லுல நூலுக்கு முடிச்சுப் போடுற மாதிரி இங்க வந்து சொல்லுக்குச் சொல்லு முடிச்சுப் போடாத."

சர்டிபிகேட் வழங்கும் விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பேரூராட்சித் தலைவர் கொம்பையா. அவரை விட்டால் அந்த ஊரில் சிறப்பாக யாரும் இல்லை என்று அவரே சொல்வார். மக்கள் கைதட்டும்போது இடத்தைவிட்டு நகர்வதோ அடுத்த காரியத்துக்குப் போவதோ மரியாதை இல்லை என்பது அவருடைய கொள்கை. அவரிடம் இருந்த ஒரே கொள்கையும் அதுதான். கூட்டம் குறைவாக இருக்கும், அவர் வரும் வரை கம்ப்யூட்டரே ஒலிபெருக்கியில் கைதட்டிக் கூடத்தைக் களைகட்ட வைக்கட்டும் என்று டென்சிங் சாருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு டைப் வேகம் போதாது என்பதால் அழகுராணியை உட்காரவைத்து, தான் பின்னால் நின்று சொன்னார்.

"வைல், தலைவர் ஈக்வல் டு ஒண்ணு, கைதட்டு. ஒண்ணுன்னா வந்துட்டார், பூஜ்யம்னா வரலை. அடி."

"சார், இப்படிப் போட்டா அவர் வர்ற வரைக்கும் சும்மா இருந்துட்டு, வந்தப்புறம்ல தட்டும்? எப்ப சார் நிறுத்தும்?"

"அவர் போனதும் நிறுத்திரும். போகாம இங்கயேவா இருக்கப் போறார்? அடிம்மா."

அவள் அடித்தாள்.

முதல் தேதி கொம்பையா வந்தார். அவர் வரும் வரை ஒலிபெருக்கி வாயே திறக்கவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த, சிவப்பு வெல்வெட்டும் அடியில் நாலு சின்ன உருளையும் வைத்த சிம்மாசன நாற்காலியில் அவர் உட்கார்ந்து, சர்டிபிகேட் கட்டை மடியில் வாங்கி வைத்துக்கொண்டதும்தான் கைதட்டல் கொட்டியது. மரியாதைக்குக் கூடத்தில் இருந்த ஐம்பத்து மூன்று பேரும் சேர்ந்து தட்டினார்கள். ஒரு நிமிடம் ஆயிற்று, ஐந்து நிமிடம் ஆயிற்று. டென்சிங் சார் முழங்கையால் இடித்து இடித்து ஒருவழியாகப் பிளக்கைப் பிடுங்கினார், கம்ப்யூட்டர் செத்துப்போனது, கைகள் நிற்கவில்லை.

இதில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கொம்பையாவின் கூட்டத்தில் தன் கை தன் பேச்சைக் கேட்காமல் போவது அந்த ஊருக்குப் புதிதில்லை. மதியத்துக்குள் இதன் சட்டதிட்டம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது: தலைவரைத் தவிர யார் கூடத்துக்குள் கால் வைத்தாலும் கை தட்டும், வாசல்படியைத் தாண்டி வெளியே வந்தால் நின்றுவிடும். தலைவர் உள்ளே இருக்கும் வரை இது நடக்கும். தலைவரோ, மக்கள் கைதட்டிக்கொண்டிருக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். கும்பிட்ட கையோடு, மடியில் இருபத்திரண்டு சர்டிபிகேட்டோடு, ஓயட்டும் என்று சிரித்த முகமாகக் காத்திருந்தார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டால் ஓய்ந்துபோகும். இதை அழகுராணி அன்றைக்கே வாசலில் நின்று டீக்கடைத் தவசியிடம் சொன்னாள்.

"சரித்தான். முதல்ல யாரு வெளிய வர்றது?" என்றார் தவசி.

"யாராவது."

"அந்த யாராவது யாருன்னு தலைவர் பாத்துக்கிட்டே இருப்பார்லம்மா. எனக்குக் கடை பேரூராட்சி இடத்துல இருக்கு."

ஊரில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று பேரூராட்சி இடத்தில் இருந்தது. ஆகவே இரண்டாம் நாளே முறை போட்டார்கள், வார்டுக்கு இவ்வளவு நேரம், வீட்டுக்கு ஓர் ஆள் என்று. முறை போட்டதும் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது, ஏனென்றால் எந்த அநியாயத்துக்கும் அந்த ஊர் கேட்டது ஒன்றுதான், வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே போகும் முன் தடவிக்கொள்ள வாசலில் தேங்காய் எண்ணெய் வைத்தார்கள். மருந்துக்கடையில் களிம்புக்குத் தனி அலமாரி வந்தது. தூங்காத கைக்குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு தாய்மார்கள் உள்ளே போனார்கள், அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் மழைக்குத் தூங்குவதுபோலத் தூங்கின, தாய்மார்கள் தட்டுகிற தட்டில் தொட்டில் ஆட்டும் வேலையும் மிச்சமாயிற்று. புதுக் கல்யாணம் ஆன ஜோடிகள், இவ்வளவு கைதட்டல் வேறு எந்த மண்டபத்தில் கிடைக்கும் என்று மாலையும் கழுத்துமாக வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் போனார்கள். தட்டித் தட்டி ரேகை தேய்ந்துபோனவர்களின் பெருவிரலை ரேஷன் கடை மிஷின் யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட, கை சிவந்திருந்தாலே போதும், நம் ஊர்க்காரர்தான் என்று அரிசி போட உத்தரவு வந்தது. கூடத்தின் மூலையில் பதினைந்து வருடமாகப் பூட்டிக்கிடந்த கழிப்பறையைத் தலைவருக்காக அந்த வாரம்தான் திறந்தார்கள். அதற்கு மட்டும் தன் கொள்கைக்கு விலக்குக் கொடுத்து அவர் எழுந்துபோய் அதற்குள் இருந்தபோதும் வெளியே தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். டென்சிங் சார், 'தொடர் கைதட்டல் கண்ட ஒரே கணினி மையம்' என்று பேனர் வைத்து அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்த்தார்.

பேட்ச்சில் மற்றவர்கள் சர்டிபிகேட் எங்கே போய்விடும் என்று இருந்தார்கள். அழகுராணியால் இருக்க முடியவில்லை. ஐந்தாம் தேதி தன் முறை வந்தபோது நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். தன் காகிதம் தலைவர் மடியில், மேலேயே இருந்தது. ஆனால் கூடத்துக்குள் அவளுடைய இரண்டு கைக்கும் வேலை இருந்தது. "ஐயா, என்னோடதை மட்டும் குடுத்தீங்கன்னா நான் பொழச்சுக்குவேன்" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் கொம்பையாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை; வாழ்க என்கிறாள்போல என்று நினைத்து, கும்பிட்ட கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். அவள் டென்சிங் சாரிடம் போய் வேறொன்று எழுதித் தரச் சொன்னாள்.

"சீஃப் கெஸ்ட் கையால குடுத்தாத்தானம்மா அது சர்டிபிகேட். நான் குடுத்தா வெறும் பேப்பர்" என்றார் டென்சிங் சார். தன்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அது.

பத்தாம் தேதி போனது, பதினைந்தும் போனது. அழகுராணிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. கேட்ட கேள்விக்கு ஒருத்தன் பதில் சொல்லவில்லை, அந்தத் தப்பைத் தன் விரலாலேயே அடிக்கவும் வைத்தான், இப்போது ஊரே அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறது. மில்லில் நிற்கும்போது இருமல் வந்தால் இருமலுக்கும் சேர்த்துத் திட்டினாள்.

பத்தொன்பதாம் தேதி, மில்லில், அவள் முன்னால் ஒரு கோன் நிறைந்து மிஷின் நின்றது. பதினான்கு வருடமாக நிற்பதுதான், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் அதே இடத்தில் அதே மாதிரிதான் ஓடுகிறது, ஆனால் கோன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூல் பருமன் தடித்துக்கொண்டே வருகிறது. தடித்துத் தடித்துப் பக்கத்தில் இருக்கும் கம்பியைத் தொட்டதும் மிஷின் நிற்கிறது. போன சுற்றுவரை இருந்த கோன், கூட்டல் ஒரு சுற்று, அதுதான் இப்போதைய கோன். ஐ சமம் ஐ கூட்டல் ஒன்று. அட, இதுதானா, இதைச் சொல்ல அந்த மனுசனுக்கு வாய் இல்லாமலா போயிற்று என்று அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. டென்சிங் சார் சொல்லச் சொல்ல அவள் அடித்த புரோகிராமில் உள்ளே எதுவும் தடிக்கவில்லை. கூடத்திலும் இத்தனை நாளாக எதுவும் தடிக்கவில்லை, ஆள் மாறினார்கள், தலைவர் அங்கேயே இருந்தார். கைதட்டலை நிறுத்த வேண்டாம். சுற்றுக்கு ஒரு நெல் அளவு, தலைவர் நகர்ந்தால் போதும்.

மறுநாள் தன் முறை முடிந்ததும் அவள் நேரே வாசலுக்கு வரவில்லை. தட்டிக்கொண்டே நாற்காலியின் பின்பக்கம் சுற்றிப் போய், கண்ணை மூடி, குனிந்து, வலது முழங்காலால் நாற்காலியின் முதுகைப் பக்தியோடு ஒரு தடவை தொட்டாள். உருளை ஒரு நெல் நீளம் வாசல் பக்கமாக நகர்ந்தது. முறை முடிந்து பின்னாலேயே வந்த தவசி வெளியே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா அது, முழங்காலை வச்சே?"

"தலைவருக்கு மரியாதை அண்ணாச்சி. கும்பிடலாம்னா கை சும்மா இல்ல. பாதம் பட்டா பாவம். முழங்கால்தான் மிச்சம் இருக்கு."

"யாரு சொன்னா இப்படிச் செய்யணும்னு?"

"மரியாதையை யாராவது சொல்லித் தரணுமாக்கும்?"

தவசி யோசித்துப் பார்த்தார். இந்தப் பெண் மரியாதை செய்து, தான் செய்யாமல் வந்ததைத் தலைவர் கவனித்திருப்பாரோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வார்டோடு சேர்ந்து மறுபடி உள்ளே போய், இரண்டு தடவை தொட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? சாயங்காலத்துக்குள் முறை முடித்துப் போகிற ஒவ்வொருவரும் முழங்கால் வைத்தார்கள், அடுத்த நாள் அது வழக்கம், அதற்கு அடுத்த நாள் அது காலங்காலமாக இருக்கும் வழக்கம். மூன்றாம் வார்டைவிட ஏழாம் வார்டுக்கு விசுவாசம் அதிகம் என்று காட்ட ஏழாம் வார்டுக்காரர்கள் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்கள். நாற்காலியிலிருந்து வாசலுக்குப் பதினாறு தரைக்கல். அழகுராணி தன் நோட்டில், டென்சிங் சார் எழுதச் சொன்ன வாய்ப்பாடுகளுக்குக் கீழே, நாள்தோறும் ஒரே ஒரு வரி எழுதினாள்: கல் பதினான்கு, கல் பன்னிரண்டு, கல் பத்து.

கொம்பையா இதைக் கவனிக்காமல் இல்லை. முழங்கால் மரியாதை தொடங்கிய ஐந்தாம் நாள், முறைக்கு வந்த கவுன்சிலர் ஒருவரைக் காதருகே இழுத்து, "பாத்தியாய்யா, நாம மக்கள் பக்கம் நெருங்கிக்கிட்டே வர்றோம்" என்றார். மறுநாளே கூடத்துக்கு வெளியே 'மக்களை நோக்கி நகரும் தலைவரே' என்று ஒரு விளம்பரத் தட்டி முளைத்தது.

இருபத்தெட்டாம் தேதி மதியம் மூன்று மணிக்கு அழகுராணியின் வார்டு முறை முடிந்தபோது நாற்காலியின் முன் உருளைகள் வாசல்படிக்கு வெளியே இருந்தன, தலைவர் உள்ளே இருந்தார். ஐந்தரைக்கு மில் ஆபீஸ் மூடிவிடும். தவசி தொட்டார், தவசியின் தம்பி தொட்டார், அழகுராணி கடைசியாக வந்தாள். முப்பது பேர் நடுவில் நின்றிருந்ததில் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை, பக்தியும் காட்டவில்லை. நன்றாக இடித்தாள்.

சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று அரசாங்கம் சொன்னதால் கட்டி, பக்கத்தில் பெயர்ப்பலகை மட்டும் வைத்து, ஒரு சக்கர நாற்காலிகூட ஏறிப் பார்த்திராத சாய்தளம் வாசலுக்கு வெளியே இருந்தது. அதை முதன்முதலாகப் பயன்படுத்தியவர் கொம்பையா. நாற்காலி அதில் நிதானமாக உருண்டு இறங்கித் தெருவில் பூக்காரியின் கூடைக்கு முன்னால் போய் நின்றது.

இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு கூடத்தில் சத்தம் இல்லை. பின்னாலேயே ஓடி வந்தவர்கள் தங்கள் கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கைதட்டல் ஓய்ந்துவிட்டதால் கொம்பையா, தன் ஒரே கொள்கைப்படி, அடுத்த காரியத்துக்குப் போனார். மடியிலிருந்து முதல் சர்டிபிகேட்டை எடுத்தார். அகர வரிசை.

"அழகுராணி" என்று படித்தார்.

அவள் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். அவர் காகிதத்தின் ஒரு முனையைக் கொடுத்தார், மறுமுனையை விடவில்லை. சுற்றிலும் பார்த்தார்.

"என்ன, யாரும் கை தட்டலையா?"

இது தெரு. இங்கே எந்த மாயமும் இல்லை, அவரவர் கை அவரவர் பேச்சைக் கேட்கும். அழகுராணி திரும்பிப் பார்த்தாள். முதலில் தவசி தட்டினார், பிறகு டென்சிங் சார், பிறகு ஏழாம் வார்டு முழுக்க, பிறகு பூக்காரி கூடையைக் கீழே வைத்துவிட்டு. யாரும் அவர்களைத் தட்டவைக்கவில்லை. உள்ளே தட்டியதைவிட இங்கே பலமாகத் தட்டினார்கள், சிவந்து வெடித்த கையாலேயே தட்டினார்கள், நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்பதுபோலத் தட்டினார்கள். தான் அடித்த ஒரு வரியால்தான் ஊர் இப்படி ஆயிற்று என்று இத்தனை நாள் அவள் மனதுக்குள் அரித்துக்கொண்டிருந்த குற்ற உணர்ச்சி அந்த இடத்திலேயே போய்விட்டது. தூ, இவ்வளவுதானா இவர்கள் என்று இருந்தது அவளுக்கு.

"நீ தட்டலையாம்மா?" என்றார் கொம்பையா.

"ரெண்டு கையாலயும் வாங்கிட்டு இருக்கேங்கய்யா. ஒத்தக் கையால வாங்கினா மரியாதை இல்லையே."

அதில் குற்றம் கண்டுபிடிக்க அவருக்கு வழி இல்லை. காகிதத்தை விட்டார்.

அதற்குள், தலைவரை இப்படி வெயிலில் விடலாமா என்று யாரோ கேட்க, கவுன்சிலர்கள் நாலு பேர் நாற்காலியைத் தலைவரோடும் மீதி இருபத்தொரு சர்டிபிகேட்டோடும் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்துக்குள் பழைய இடத்திலேயே வைத்தார்கள். கைதட்டல் பழையபடி தொடங்கியது. முழங்கால் மரியாதையையும் விடக்கூடாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. இப்போதும் எட்டு ஒன்பது நாளுக்கு ஒரு தடவை நாற்காலி உருண்டு வெளியே வருகிறது, ஒரே ஒரு சர்டிபிகேட் வழங்கப்படுகிறது, மறுபடி உள்ளே தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதற்குப் பெயர் லூப்புக்குள் லூப், அது அடுத்த நிலைப் படிப்பு, அதற்குத் தனியாகச் சேர வேண்டும் என்று டென்சிங் சார் சொல்கிறார்.

அழகுராணி ஐந்து மணிக்கு மில் ஆபீசில் நின்றாள். மேனேஜர் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மச்சினன் மகள் நினைவு வந்திருக்கும், ஏதாவது கேட்டு மடக்கலாம் என்று, "லூப்னா என்னம்மா?" என்றார்.

"ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்றது சார். ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் உள்ள ஏதாவது ஒண்ணு மாறணும். மாறலேன்னா அது எங்க ஊரு."

மேனேஜருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டினார். அழகுராணி உட்காரும் முன் குனிந்து, அதற்கு உருளை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. இருக்கட்டும் என்று உட்கார்ந்தாள்.